ஐப்பசியில் வாரியலுக்கு லீவு

இலையுதிர் காலம் என்று ஒன்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும், ஞாபகம் இருக்கிறதா? படத்தில் ஒரு மேப்பிள் மரம் நிற்கும். கீழே சிவப்பும் மஞ்சளுமாக இலை கொட்டிக் கிடக்கும். கழுத்தில் மஃப்ளர் சுற்றிய ஒரு பையன் அதை வாரிக் குவித்துக் கொண்டிருப்பான். கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது சினிமா செட் மாதிரிதான். இங்கே ஒரு மலைச்சரிவு முழுக்க நிறம் மாறி இலை கொட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குத்தான் போக வேண்டும். டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில் இலையெல்லாம் செம்பு நிறமாகி உதிர்ந்துவிடும். அந்த ரப்பர் மரமும் பிரேசில்காரன். பழக்கத்தைக் கூடவே கொண்டு வந்துவிட்டான் போல :-)

மற்றபடி இங்கே ஐப்பசி என்றால் மழை. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் துலாவர்ஷம் என்பார்கள். தமிழ்நாட்டின் மற்ற பெரும்பாலான ஊர்களுக்கு வருஷத்துக்கு ஒரு பெரிய மழைதான். குமரிக்கு இரண்டு. இடவப்பாதி மழையை நம்பி கன்னிப்பூ, துலாவர்ஷத்தை நம்பி கும்பப்பூ என்று நாஞ்சில் நாட்டு வயலில் இரண்டு பூ நெல் விளைந்தது இதனால்தான். அதனால் வெளிநாட்டுக்காரர்கள் 'இலையுதிர் காலத் தோட்ட வேலை' என்று எழுதுகிற விஷயத்தை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே செடி தூங்கப் போகிற நேரம். இங்கே செடி முழித்துக்கொள்கிற நேரம்.

ஆனாலும் அந்த ஊர் இலையுதிர் காலத்துக்கும் இந்த ஊர் புழக்கடைக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. வடக்கே குளிர் தட்ட ஆரம்பித்ததும் பூச்சிகள் குறைந்து போகும். பூச்சி தின்று பிழைக்கிற பறவைகள் தெற்கே கிளம்பிவிடும். நிலம் முடிகிற வரைக்கும் வருகிறவை கொஞ்சம் உண்டு. நிலம் முடிகிற இடம் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சொன்னதும் பலருக்கும் சுசீந்திரம் குளமும் தேரூர் குளமும் மணக்குடிக் காயலும்தான் நினைவுக்கு வரும். சரிதான். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் சதுப்பு நிலங்கள் இரண்டும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. புத்தளம் உப்பளத்தில் பூநாரை வந்து இறங்கினால் பேப்பரில் போட்டோ வரும், பைக் எடுத்துக்கொண்டு பையன்கள் போவார்கள். ஆனால் வீட்டுக்குப் பின்னால், அடுக்களை வாசலுக்கு இருபதடி தள்ளி, யாருக்கும் தெரியாமல் வந்து தங்கி ஆறு மாதம் கழித்துப் போகிற பறவைகளை யாரும் போட்டோ எடுப்பதில்லை. அவை குளத்துக்கு வருகிறவை அல்ல. புழக்கடைக்கு வருகிறவை.

அதில் முதலில் சத்தம் போடுவது கீச்சான். பழுப்புக் கீச்சான் என்று முழுப்பெயர். கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிய கொள்ளைக்காரன் மாதிரி இருக்கும். மங்கோலியா, சைபீரியா பக்கத்திலிருந்து வந்து, ஒரு முருங்கைக் கொம்பைப் பிடித்துக்கொண்டு, 'இது என் இடம்' என்று கரகரவென்று கத்தும். அடுத்த வருஷமும் போன தடவை இருந்த அதே இடத்துக்கே திரும்பி வருகிற பழக்கம் அதற்கு உண்டு. பட்டா இல்லாத குறைதான்.

செம்பருத்திப் புதருக்குள்ளே 'டக்... டக்...' என்று இரண்டு சின்னக் கூழாங்கல்லைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டால் அது பிளித் நாணல் கதிர்குருவி. பெயர்தான் பெரிது. ஆளின் எடை பத்துப் பன்னிரண்டு கிராம். பின்லாந்து முதல் மத்திய ஆசியா வரை கூடு கட்டுகிற இனம். குளிர்காலத்துக்கு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. ஒரு டீஸ்பூன் சர்க்கரை இரண்டு சேர்ந்தால் வருகிற எடையை வைத்துக்கொண்டு அத்தனை தூரம்.

இவை இரண்டும் மேலே இருக்கிறவை. கதையின் நாயகன் தரையில் இருக்கிறவன். ஆறுமணிக்குருவி.

மைனாவை விடக் கொஞ்சம் சின்னது. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு கட்டை. முதுகு பச்சை, தோளில் பளபளக்கும் நீலம், வயிறு வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு, அடிவயிறு குங்குமச் சிவப்பு, கண்ணில் கறுப்பு, தொண்டையில் வெள்ளை. இந்தியில் இதற்கு நவரங் என்று பெயர், ஒன்பது நிறம் என்று கணக்கு. தமிழில் பெயர் வைத்தவர் நிறத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். விடியும் நேரத்திலும் பொழுது சாயும் நேரத்திலும், ஆறு மணி ஒட்டி, இரண்டு சுரத்தில் ஒரு விசில் அடிக்கும். ஒன்று அடித்தால் அடுத்த விளையில் இருக்கிற இன்னொன்று பதில் அடிக்கும். அப்புறம் அமைதி. இலங்கையில் சிங்களவர்கள் அந்த விசிலுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள்: ஆறுமணிக்குருவியின் அழகான உடையை மயில் திருடிக்கொண்டு போய்விட்டதாம், அதைச் சொல்லி இது முறையிடுகிறதாம். உள்ள நிறமே போதாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

இது இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டும். மழைக்காலம் முடிகிற நேரம் தெற்கே கிளம்பும். புரட்டாசி, ஐப்பசியில் இங்கே வந்து, கோடையில் திரும்பும். வருகிற வழியில் களைத்துப் போய்ச் சம்பந்தமில்லாத இடங்களில் விழுவதும் உண்டு. வீட்டு வராந்தா, பள்ளிக்கூட வகுப்பறை, கடைத்தெரு என்று கணக்கில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தக் குருவிக்கு இரை எங்கே? சருகுக்கு அடியில். தரையில் தத்தித் தத்திப் போய், அலகால் ஒரு சருகைப் புரட்டும். கறையான், மண்புழு, பூரான், வண்டுப் புழு, நத்தைக் குஞ்சு என்று கிடைப்பதை எடுக்கும். அடுத்த சருகுக்குப் போகும். நாள் முழுக்க இதுதான் வேலை. சருகு இல்லாத சுத்தமான முற்றம் அதற்குப் பூட்டிக் கிடக்கிற ஓட்டல். காட்டு வாலாட்டி என்று இன்னொரு வலசைப் பறவை, மார்பில் இரண்டு கறுப்புப் பட்டையோடு, வாலை மேலும் கீழும் ஆட்டாமல் உடம்பையே பக்கவாட்டில் ஆட்டும். அதற்கும் மரத்தடிச் சருகுதான் சாப்பாட்டு இலை. இந்த ஊரிலேயே இருக்கிற செந்தலைப் பூங்குருவியும் சருகு புரட்டுகிற கூட்டம்தான். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து கூச்சல் போட்டுக்கொண்டு அதே வேலையைச் செய்யும்.

ஆக, ஐப்பசி மாதத்தில் பறவைகளுக்காக ஒரு வீட்டுக்காரர் செய்யக்கூடிய மிகப் பெரிய தோட்ட வேலை, புழக்கடையில் ஒரு மூலையைப் பெருக்காமல் விடுவது. செலவு பூஜ்யம். உழைப்பு மைனஸ். ஆனால் இதைவிடக் கஷ்டமான காரியம் ஒரு வீட்டில் இல்லை.

பார்வதிபுரத்துக்கும் சுங்கான்கடைக்கும் நடுவில் ஒரு வீடு இருக்கிறது. பதினோரு சென்ட். முன்னால் வீடு, பின்னால் மூன்று தென்னை, ஒரு சக்கை மரம், ஒரு மாமரம், கிணறு, கறிவேப்பிலை, வாழை நாலைந்து. மூலையில் ஒரு அயனி மரமும் இருந்தது. (அயனி தெரியாதவர்களுக்கு: சக்கைக்குத் தம்பி. பழம் உள்ளங்கை அளவு, உடம்பு முழுக்க முள். கேரளத்தில் ஆஞ்ஞிலி என்பார்கள். படகுக்கும் கதவுக்கும் உதவுகிற மரம்.) 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயலில் அது வேரோடு சாய்ந்தது. அந்த ஒரு நாளில் மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் தென்னையும் எப்படிச் சாய்ந்தன என்பதும், கடலுக்குப் போனவர்களுக்கு என்ன ஆனது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்தத் துக்கத்துக்கு முன்னால் ஒரு அயனி மரம் ஒன்றுமே இல்லை. ஆனால் மரம் போன இடத்தில் புழக்கடைக்குள் வெயில் வந்தது. வெயிலோடு யோசனையும் வந்தது.

அந்த வீட்டு மகனுக்குச் சவுதியில் வேலை. லீவில் வந்தவருக்குப் புழக்கடை முழுக்க இன்டர்லாக் கல் பாவிவிட வேண்டும் என்று ஆசை. தெருவில் பாதி வீட்டில் பாவியாகிவிட்டது. காரணங்களும் நியாயமானவை. மழைக்காலத்தில் சேறு. அம்மைக்கு எழுபது வயதாகிறது, வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது? தினமும் இரண்டு நேரம் குனிந்து பெருக்க வேண்டாம். பாம்பு பயமும் இல்லை.

"அம்மா, இந்தச் சவத்தையெல்லாம் கூட்டித் தீ வச்சாத்தான் என்ன?" என்றார் சக்கை மரத்தடியைக் காட்டி.

"கெடக்கட்டும்ல. ஒனக்கு அது என்ன செய்யுது?"

"பாம்பு வரும்லா?"

"பாம்பு ஒங்க பாட்டா காலத்துலயும் வந்துட்டுதான் கெடந்து."

இதில் ஆச்சியை இயற்கை ஆர்வலர் ஆக்கிவிடக் கூடாது. அவருக்கு ஆறுமணிக்குருவியின் பெயர்கூடத் தெரியாது. "வெள்ளாப்பெல ஒண்ணு கூவும்" என்பார், அவ்வளவுதான். அவருடைய கணக்கு தென்னைக்கு. சருகு மக்கினால் தென்னை மூட்டுக்கு உரம். (மூடு என்றால் மரத்தின் அடி. முளகுமூடு என்று ஊரே இருக்கிறது. விளை என்றால் மரங்கள் நிற்கிற தோட்ட நிலம். பெருவிளை, மாத்திரவிளை என்று அந்தப் பெயரிலும் ஊர்கள். மரத்தடியையும் தோட்டத்தையும் ஊர்ப்பெயராக வைத்த ஜனங்கள் இப்போது இன்டர்லாக் விலை விசாரிக்கிறார்கள்.)

அந்தக் காலத்துப் புழக்கடை சொர்க்கமாக இருந்தது என்று சொல்வதும் பொய். அப்போதும் முற்றத்தைப் பளிச்சென்று பெருக்கினார்கள். சருகை விட்டுவைக்கவும் இல்லை. நெல் அவிக்க, குளிக்க வெந்நீர் போட, எல்லாவற்றுக்கும் சருகுதான் விறகு. பழுத்த பிலா இலையைக் கோட்டிக் கஞ்சி குடிக்கக் கரண்டியாக்கினார்கள். மீதி ஆட்டுக்கு. ஆனால் விளை பெரிது. ஐம்பது சென்ட், ஒரு ஏக்கர் என்று கிடந்தது. எவ்வளவு பெருக்கினாலும் வாரியல் எட்டாத ஒரு கிழக்கு மூலை மிச்சம் இருந்தது. யாரும் யாருக்காகவும் விட்டுவைக்கவில்லை, கை எட்டாததால் கிடந்தது. இன்று நிலம் பத்து சென்ட், எட்டு சென்ட், மூன்று சென்ட் என்று துண்டாகிவிட்டது. வாரியல் எல்லா இடத்துக்கும் எட்டுகிறது. கேஸ் அடுப்பு வந்ததால் சருகுக்கு விலையும் இல்லை. அதனால் சாயங்காலம் குவித்துத் தீ வைக்கிறார்கள். கொசு போகும் என்று ஒரு சமாதானம். புகை பக்கத்து வீட்டுக்குப் போகிறது, கொசு போவதில்லை.

எனவே இனிமேல் அந்த மூலை தானாகக் கிடைக்காது. வேண்டுமென்றே விட வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் இப்போது இதையேதான் சொல்கிறார்கள். செர்சஸ் சொசைட்டி என்று பூச்சிகளைப் பாதுகாக்கிற ஒரு அமைப்பு, உதிர்ந்த இலையை அப்படியே விடுங்கள் என்று இயக்கமே நடத்துகிறது. அங்கே காரணம் வேறு: வண்ணத்துப்பூச்சிப் புழுவும் வண்டும் குளிரைக் கழிக்க இலைக்கடியில் படுத்திருக்கும். இங்கே குளிரே இல்லை, படுக்கிறவர்களும் இல்லை. இங்கே அது சாப்பாட்டுக் கடை. அந்த ஊர்க் கட்டுரைகளில் வருகிற மற்ற யோசனைகள் (தீனிக் கூண்டு தொங்கவிடு, தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்) ஐப்பசிக்குப் பொருந்தாது. கொட்டுகிற மழையில் சட்டியில் தண்ணீர் வைப்பது அநாவசியம். அது மாசி, பங்குனியில் செய்ய வேண்டிய வேலை. அரிசியும் சோறும் போட்டால் வருவது காக்காயும் மைனாவும் புறாவும். வலசை வருகிற பூச்சித்தின்னிகள் அரிசியைத் திரும்பிப் பார்க்காது.

மழை விட்ட ஒரு சாயங்காலம் ஈசல் கிளம்புகிறதே, அதுதான் ஐப்பசியின் விருந்து. சருகுக்கும் பழைய விறகுக்கும் கீழே இருக்கிற கறையான் புற்றிலிருந்து புகை மாதிரி எழும்பும். கரிச்சான் கரண்ட் கம்பியிலிருந்து பாய்ந்து பாய்ந்து பிடிக்கும். தகைவிலான்கள் மேலே சுற்றும். தேரை கீழே உட்கார்ந்து நாக்கை நீட்டும். சிறகு உதிர்ந்து தரையில் விழுந்ததை அணிலும் ஓணானும் பொறுக்கும். இருட்டியதும் மிச்சத்துக்கு வௌவால் வரும். முற்றம் முழுக்கக் கல் பாவிய வீட்டில் இந்தக் கூத்து கிடையாது. ஈசல் டியூப்லைட்டைச் சுற்றி வந்து சாம்பாரில் விழும், அவ்வளவுதான்.

வாழைத்தடத்தில் தேங்குகிற மழைத் தண்ணீருக்கும் ஒரு விருந்தாளி உண்டு. அக்டோபரில் கூட்டம் கூட்டமாகப் பறக்கிற மஞ்சள் தட்டானைப் பார்த்திருப்பீர்கள். மலையாளத்தில் அதைத் துலாத்தும்பி என்கிறார்கள், துலா மாதத்தில் வருவதால். சார்லஸ் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் மாலத்தீவில் இருந்துகொண்டு இவற்றைக் கவனித்தார். ஆறோ குளமோ இல்லாத அந்தத் தீவுகளுக்கு ஒவ்வொரு அக்டோபரிலும் இத்தனை தட்டான் எங்கிருந்து வருகிறது என்பது அவர் கேள்வி. இந்தியாவிலிருந்து கடலைத் தாண்டி, மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009-ல் எழுதினார். முட்டையிட அவற்றுக்குப் பெரிய குளம் வேண்டாம், மழைக்குட்டை போதும்.

இந்த இடத்தில் எல்லா அம்மாக்களும் 'டெங்கு' என்பார்கள். சரியான பயம். ஆனால் டெங்குக் கொசு தேடுவது வேறு மாதிரித் தண்ணீர்: சிரட்டை, பழைய டயர், பெயின்ட் டப்பா, பூந்தொட்டித் தட்டு, மூடாத தொட்டி. ஐப்பசியில் உண்மையிலேயே குனிந்து செய்ய வேண்டிய வேலை இது. சிரட்டையைக் கவிழ்த்துப் போடுவது. கொசு முட்டை பறக்கிற கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால் வாரம் ஒரு தடவை தவறாமல் சுற்றி வந்தால் போதும். வாழைத்தடத்தில் தண்ணீர் நாலைந்து நாளுக்கு மேல் நின்றால் வெட்டி விட்டுவிடலாம். தட்டானுக்காகப் பிள்ளைக்குக் காய்ச்சல் வர விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பாம்பு விஷயமும் அப்படித்தான். அதைச் சிரித்துத் தள்ளக் கூடாது. அணலி, அதாவது கண்ணாடி விரியன், சருகின் நிறத்திலேயே சருகுக்குள் கிடக்கும். இரவில்தான் அதற்கு நடமாட்டம். ஆச்சி சொன்ன பதில் துணிச்சலானது, ஆனால் கடித்தால் துணிச்சல் உதவாது. ஆகவே சருகு விட வேண்டியது வீட்டுச் சுவரை ஒட்டி அல்ல, கிணற்றுக்குப் போகிற வழியில் அல்ல. எல்லையில், மரத்தடியில், யாரும் வெறுங்காலோடு போக வேண்டியில்லாத இடத்தில். விறகு அடுக்கு வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கக் கூடாது. எலி இருந்தால் பாம்பு வரும், எலிக்குச் சாப்பாடு அடுக்களை எச்சில்தான், அதை மூடி வைக்க வேண்டும். இருட்டினால் டார்ச். சருகில் கையை விடுவதற்கு முன்னால் ஒரு கம்பு. இவ்வளவும் செய்தால் சின்னக் குழந்தை இருக்கிற வீட்டிலும் ஒரு மூலையை விடலாம்.

பார்வதிபுரம் பக்கத்து வீட்டில் கடைசியில் ஏற்பட்ட ஒப்பந்தமும் கிட்டத்தட்ட இதுதான். அடுக்களை வாசலிலிருந்து கிணறு வரைக்கும், கிணற்றைச் சுற்றியும் இன்டர்லாக். அம்மை வழுக்கி விழ மாட்டார். சக்கை மரத்துக்கு அப்பால், அயனி நின்ற மூலையையும் சேர்த்து, ஒன்றரை சென்ட் சும்மா. அங்கே வாரியல் போகாது, தீ போகாது. மகன் அரை மனதோடு சம்மதித்தார். மருமகள் சொன்ன ஒரு வார்த்தைதான் முடிவு கட்டியது: "அத்தான், அவ்வளவுக்கும் கல் போட்டா தண்ணி எங்க போகும்? கெணறுதான் பின்ன எப்படி நெறையும்?" ஒக்கிக்குப் பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாதபோது, தெருவே வாளியோடு வந்து நின்றது அந்தக் கிணற்றில்தான்.

பி.காம். படிக்கிறவர்கள் இந்த ஒன்றரை சென்ட்டை ஏட்டில் எங்கே எழுதுவார்கள் என்று தெரியவில்லை. வருமானம் இல்லை, வாடகை இல்லை. இன்டர்லாக் கல்லுக்காவது வருஷா வருஷம் தேய்மானம் போடலாம். சருகுக்குத் தேய்ந்து மண்ணாவதுதான் லாபமே. பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகத்தில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து வரும், கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது, ஆனால் சொத்துப் பக்கத்தில் நிற்கும். அந்தத் தலைப்பில் வேண்டுமானால் போடலாம்.

சும்மா விட்ட இடத்தின் ஓரத்தில் எதையாவது நட வேண்டும் என்றால் ஐப்பசியை விட நல்ல மாதம் இல்லை. மண் இளகிக் கிடக்கிறது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. செம்பருத்தியும் தெற்றியும் கம்பு ஒடித்து நட்டால் பிடித்துக்கொள்ளும். தேன்சிட்டுக்கு அது போதும். (அடுக்குச் செம்பருத்தி வேண்டாம், ஒற்றை இதழ்தான் நல்லது.) கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நட்டால் அதில் பச்சைப் புழு வரும், இலையைத் தின்னும். பூச்சிமருந்து வாங்கப் போகாதீர்கள். அது கறுப்பில் வெள்ளைப் பொட்டு வைத்த அழகன் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. புழுவிலும் பாதியைக் குருவி தூக்கிவிடும். வாழை வைப்பதென்றால் மட்டி வையுங்கள். கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தாகிவிட்டது. தார் நமக்கு, பூவில் இருக்கிற தேன் பகலில் தேன்சிட்டுக்கும் அணிலுக்கும், ராத்திரி வௌவாலுக்கும். ஏற்கெனவே நிற்கிற பப்பாளியில் துரட்டி எட்டாத இரண்டு பழத்தை ஏணி வைத்துப் பறிக்காமல் இருந்தால் குயிலும் குக்குறுவானும் வரும்.

மண்டை போன தென்னை நின்றால் மரங்கொத்திக்கும் மைனாவுக்கும் வீடு. ஆனால் அழுகிய தென்னந்தடியில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், பக்கத்துத் தென்னையின் குருத்தைக் குடையும். தென்னையை நம்பிப் பிழைக்கிறவரிடம் போய் 'பறவைக்காக விட்டுவையுங்கள்' என்று சொல்வது சரியில்லை. வெட்டுவதுதான் சரி.

இன்னொரு சின்ன விஷயம். புது வீடுகளில் பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல் வைக்கிறார்கள். கண்ணாடிக்குள் வானமும் மரமும் தெரியும், வலசை வந்த குருவி நேராகப் போய் மோதும். காலையில் ஜன்னலடியில் ஆறுமணிக்குருவி ஒன்று மயங்கிக் கிடந்தால், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் ஒரு துணியை விரித்து அதை வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிச் செத்துப்போகும். பிள்ளைகள் கையில் கொடுத்து செல்ஃபி எடுக்கவும் கூடாது. தெளிந்தால் மரத்தடியில் திறந்து விட்டால் போய்விடும். தெளியாவிட்டால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். கூண்டில் வைத்து வளர்க்க 1972-ம் வருஷத்துக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பழைய கொசுவலையை இழுத்துக் கட்டினால் இந்த வேலையே மிச்சம்.

1933-ல் சலீம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார். இன்றைய குமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் இந்தப் பக்கம் வந்தது. அவருடைய திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகள் புத்தகம் 1953-ல் வந்தது. அவருக்கு மாட்டு வண்டியும் பைனாகுலரும் வேண்டியிருந்திருக்கும். இப்போது போனும் பதினைந்து நிமிஷமும் போதும். 2015 முதல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கல் லீவில் வீட்டுப் பின்னால் கால் மணி நேரம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி ஈபேர்டில் போட்டால் அதுவும் கணக்கில் சேரும். ஹாஸ்டலில் இருந்து ஊருக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிற விஷயம் இது. கரும்பு கடித்துக்கொண்டே செய்யலாம். குளத்துக்குப் போய் எண்ண ஆள் நிறைய உண்டு. புழக்கடையை எண்ண அந்தந்த வீட்டுக்காரர்தான்.

அந்த வீட்டிலிருந்து ஒரு பொங்கலுக்குப் போன பட்டியலில் பதினான்கு பெயர். காக்கை ஆறு, தவிட்டுக்குருவி எட்டு, தேன்சிட்டு இரண்டு, செம்போத்து ஒன்று, கீச்சான் ஒன்று என்று போய், கடைசி வரியில் ஆறுமணிக்குருவி, ஒன்று, 'சத்தம் மட்டும்' என்று இருந்தது. எண்ணியது எட்டாம் வகுப்புப் படிக்கிற பேத்தி. சவுதிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு, "சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி அனுப்பு மக்களே" என்று பதில் வந்ததாம். மூன்று நாள் விடியற்காலையில் போனோடு நின்றும் கிடைத்தது ஆச்சி இருமுகிற சத்தமும் பால்காரர் பைக்கும்தான். நாலாவது நாள் கிடைத்தது.

பங்குனியில் அந்த விசில் நின்றுவிடும். அதற்குள் ஐப்பசிச் சருகு கையில் எடுத்தால் பொடிகிற அளவுக்கு மக்கியிருக்கும். ஆச்சி முதலில் கம்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கடவத்தில் வாரி மூன்று தென்னை மூட்டிலும் போடுவார். சக்கை அதற்குள் புதுச் சருகு போட ஆரம்பித்திருக்கும். மிஞ்சிய இன்டர்லாக் கல் நாற்பதோ ஐம்பதோ மாமரத்தடியில் அடுக்கிக் கிடக்கிறது. அதற்கு நடுவில் ஒரு தேரை குடியேறி இரண்டு வருஷம் ஆகிறது.